பத்து நாள் மாத்திரை

என் அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்தொரு வருஷம் ஆபரேட்டராக இருந்தவள். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, ஒயரை உருவி இன்னொரு துளையில் சொருகி, "லைன்ல இருக்காங்க, பேசுங்க" என்பாள். அந்தக் குரலில் சிரிப்பும் இருக்காது, சிடுசிடுப்பும் இருக்காது. ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவளுக்கு மனப்பாடம். யாரையாவது அறிமுகப்படுத்தினால் பேரைக் கேட்க மாட்டாள், அவர்கள் வீட்டு நம்பரைச் சொல்லிவிடுவாள். 'டைரக்டரி' என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வோம்.

நான் மருந்துக் கடை கவுன்ட்டரில் நிற்கிறவன். மாமா போனதோடு அக்காவின் தூக்கமும் போயிற்று. டாக்டர் பத்து நாளைக்குத் தூக்க மாத்திரை எழுதினார். பதினோராவது நாள் கடைக்கே வந்து, "இன்னும் ஒரு அட்டை குடுடா, கண்ணு மூட மாட்டேங்குது" என்றாள். கொடுத்தேன். சீட்டு இல்லாமல் வேறு யார் கேட்டிருந்தாலும் சட்டம் பேசியிருப்பேன். கூடப் பிறந்தவளிடம் என்ன சட்டம்? அப்படியே ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றானது.

குடிகாரன் தள்ளாடினால் தெருவே பேசும். எழுபத்து மூன்று வயதுக்காரி தள்ளாடினால் வயசாகிவிட்டது என்று விட்டுவிடுவார்கள். நாங்களும் விட்டோம். பாத்ரூமில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டபோது தரையைத்தான் திட்டினோம்.

போன மாதம் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நாற்காலியில் தூங்கிப்போனாள். பாத்திரம் கருகி வீடு முழுக்கப் புகை. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அவள்மேலா, என்மேலா, தெரியவில்லை. விரல் சரியாக மடங்காததால் அவளுக்கு அட்டையைப் பிரித்து டப்பாவில் போட்டுக் கொடுப்பது என் வழக்கம். அந்த வாரம் அதே அளவில், அதே வெள்ளையில் கால்சியம் மாத்திரைகளைப் போட்டு வைத்தேன். பெரிய புத்திசாலி என்று நினைப்பு. முப்பது வருஷம் மாத்திரைகளுக்கு நடுவே நின்றவனுக்குத்தான் இப்படி ஒரு மேதாவித்தனம் தோன்றும்.

மூன்றாம் நாள் டம்ளரைப் பிடிக்க முடியாமல் அவள் கை ஆடியது. ஐந்தாம் நாள் காலையில் வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார். "தினமும் சாப்பிடற மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினீங்களா?"

அக்கா கட்டிலில் கண் விழித்துத்தான் இருந்தாள். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"நான்தான் மாத்தி வெச்சேன்."

"இத்தனை வருஷம் எடுத்தவங்களுக்கு இப்படி நிறுத்தினா உயிருக்கே ஆபத்து சார். அதே மாத்திரையைக் குடுத்து, மாசக்கணக்கில கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும். அளவு மாறாம நீங்கதான் பாத்துக்கணும்."

அக்கா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

இப்போது டாக்டரம்மா எழுதிய அளவை நானே தினமும் கையில் கொடுக்கிறேன். அவள் மாத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். நாக்கு நுனியில் வைத்து ருசி பார்க்கிறாள்.

"நெஜ மாத்திரைதான்க்கா. உன் கண்ணு முன்னாடிதானே பிரிச்சேன்."

"அன்னிக்கும் நீதானே குடுத்தே."

உண்மையைக் கொடுத்துவிட்டு அதை நம்பவைக்க வழி தெரியாமல் நிற்கிறேன்.

நேற்று மத்தியானம் கடையில் போன் அடித்தது. எடுத்தேன்.

"மருந்துக் கடைதானே? வீட்டுக்குக் கொண்டுவந்து குடுப்பீங்களா?"

அதே எக்ஸ்சேஞ்ச் குரல். என் பெண்ணின் பேர் அவளுக்கு மறந்துபோகிறது. எங்கள் கடை நம்பர் மறக்கவில்லை. அது யார் வேலை பார்க்கும் கடை என்பதுதான் மறந்திருக்கிறது.

"தூக்க மாத்திரை ரெண்டு அட்டை வேணும். என் தம்பியும் மருந்துக் கடையிலதான் இருக்கான். ஆனா அவன் குடுக்கறது நெஜ மாத்திரை இல்லீங்க. நீங்க நல்லதா குடுங்க."

"டாக்டர் சீட்டு இருக்காம்மா?" என்று கேட்டேன். ஒன்பது வருஷத்தில் அவளிடம் நான் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லையே."

"சீட்டு இல்லாம குடுக்க மாட்டோம்மா."

"பரவாயில்லீங்க. மத்த கடை நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.