கண்ணாடியின் உள்பக்கம் இருந்த உப்பு

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். முப்பது வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்தவன், எங்கே சத்தம் வந்தாலும் எந்த வயர் லூஸ் என்றுதான் முதலில் பார்ப்பேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பம்ப் ஹவுஸில் பெண் அழுகிறாள் என்று ஒரு தெருவே மாதக்கணக்கில் சுற்றி நடந்தது, நான் ஸ்பேனரோடு போய் ஒரு தகரத்தை முடுக்கிவிட்டு வந்தேன், அன்றோடு அந்தப் பெண்ணின் அழுகை நின்றது. அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் கடைசி வரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். ஆவடிப் பக்கம் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. எங்கள் பிளாக்குக்குப் பின்னால் வேலிகாத்தான் முள்ளும் பனையுமாகப் பெரிய புதர்க்காடு, நடுவில் ஒரு குட்டை, குட்டைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் டேங்க். அந்தக் காட்டில் புள்ளிமான் இருந்தது. யாரும் நம்பவில்லை. காலை ஷிப்டுக்கு சைக்கிளில் போகும்போது நான் நாலைந்து முறை கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு பெண்மான், இடது காது நுனி இரண்டாகக் கிழிந்திருக்கும், பின்னாலேயே ஒரு குட்டி. என் மனைவி ஸ்டெல்லாவும் மாடியிலிருந்து ஒருமுறை பார்த்தாள். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். "சார், அது ஆடு. நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்றார் செயலாளர். கூட்டமே சிரித்தது. எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது.

நான் கூட்டத்தில் எழுந்ததற்குக் காரணம் இருந்தது. எஸ்டேட் ஆபீஸில் அந்தக் காட்டை அழித்துப் புது பிளாக் கட்ட முடிவு செய்திருந்தார்கள், ஈஸ்டர் முடிந்த வாரம் புல்டோசர் வரும் என்று பேச்சு. காடு போனால் அந்தத் தாயும் குட்டியும் எங்கே போகும்? ஒரு பக்கம் ரயில் தண்டவாளம், மறுபக்கம் லாரி ஓடும் ரோடு. வனத்துறை ரேஞ்சர் ஒருவரைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வாயால சொன்னா நான் ஒண்ணும் எழுத முடியாதுங்க. தாயும் குட்டியும் ஒரே படத்துல இருக்கணும், பின்னால அந்த டேங்க் தெரியணும். அப்பதான் இந்த இடம்னு ஆதாரம். கொண்டாங்க, மறுநாளே கடிதம் போடறேன்."

தானியங்கிக் கேமரா வைக்கவும் எஸ்டேட் ஆபீஸில் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார். கொடுக்கும்போது விரலை நீட்டிச் சொன்னார்.

"தீனி வைக்கக் கூடாது, உப்பு வைக்கக் கூடாது, கண்ணுல ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. தண்ணிய மட்டும் சுத்தமா வைங்க, அதுவா வரும். நாம வரவழைச்சா அதுக்குத்தான் ஆபத்து."

சரி சார், சத்தியம் சார் என்றேன்.

பழைய மோட்டார் கேமரா ஒன்றை பர்மா பஜாரில் வாங்கினேன், படத்தின் மூலையில் தேதியும் நேரமும் விழுகிற ரகம். தகர பிஸ்கட் டப்பாவில் அதை உட்கார வைத்து, முன்னால் கண்ணாடியும், எண் தெரிய மேலே ஒரு பிளாஸ்டிக் துண்டும் பதித்து, சுற்றிலும் ரப்பர் வைத்து, பசை போட்டு, எறும்புகூட நுழையாதபடி அடைத்தேன். இந்த அடைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மானின் நெஞ்சு உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கதிர் ஒன்று போகும், குறுக்கே எது வந்தாலும் கேமரா தானே படம் எடுத்துத் தானே ஃபிலிமை நகர்த்தும். ஃப்ளாஷ் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டேன், அதனால் காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும்தான் கணக்கு. குட்டையில் கிடந்த பாலிதீன், பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். மானுக்குச் சோப்பு வாசனை ஆகாது என்று கேள்விப்பட்டு, துவைக்காத ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு போவேன், ஸ்டெல்லா அந்தச் சட்டையை வீட்டுக்குள் விடவில்லை.

ஆவடியில் ஃபிலிம் கழுவக் கொடுத்தால் குவார்ட்டர்ஸ் முழுக்கச் செய்தி பரவும். அதனால் பஸ் ஏறி குமணன்சாவடியில் சேகர் ஸ்டுடியோவுக்குப் போவேன். சேகர் வாய் சும்மா இருக்காது.

"இன்னா அண்ணாத்தே, மூணு ரோலு கழுவிட்டேன், மானு எங்க கீது? எவன் ஊட்டு ஆடோ சோக்கா போஸ் குட்த்துகினு கீது பாரு. கீரிப்புள்ள கீது, நாயி கீது. ஒண்ணு பண்ணு, நீயே கொம்பு வெச்சிகினு நில்லு, நான் எடுத்துத் தர்றேன்."

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது பயமாக இருந்தது. குருத்தோலை ஞாயிறு வந்துவிட்டது, கையில் இருப்பது ஒரே வாரம்.

இப்போது சொல்லப் போவதை ரொம்ப வருடம் யாரிடமும் சொன்னதில்லை. வெயில் காலத்தில் எங்கள் ஃபவுண்டரியில், இரும்பு உருக்கி வார்க்கிற பகுதியில், வேலை பார்ப்பவர்களுக்கு உப்பு மாத்திரை கொடுப்பார்கள், அனலில் வியர்த்துக் கொட்டும் இல்லையா, அதற்காக. வெறும் உப்பு மாதிரி இருக்காது, கடைசியில் நாக்கில் ஒரு கசப்பு நிற்கும். அங்கே வேலைக்குப் போனபோதெல்லாம் எனக்கும் கொடுத்தார்கள், நான் தின்னாமல் பையில் போட்டுக்கொண்டேன். ஞாயிறு மாலை குட்டைக் கரையில், கேமரா பார்க்கிற இடத்தில், அவற்றை இடித்துக் களிமண்ணோடு பிசைந்து அப்பினேன். திங்கட்கிழமையும் அப்பினேன். இரண்டு நாள்தானே, படம் கிடைத்ததும் வழித்து எறிந்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"என்னங்க, சட்டைப் பையெல்லாம் உப்பாக் கெடக்கு?" என்றாள் ஸ்டெல்லா.

"ஃபவுண்டரில குடுத்தது" என்றேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போனேன். கேமராவில் எண் ஒன்பதுக்கு ஓடியிருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் பார்த்தேன், பத்தடி தள்ளி அந்தத் தாய்மான் கிடந்தாள். நாய்கள். கழுத்திலும் தொடையிலும் கடித்துக் குதறியிருந்தன, இடது காது நுனி இரண்டாகக் கிழிந்தபடி, கண் திறந்தபடி. உப்புக்காக இரவில் ஒரே இடத்தில் நெடுநேரம் தலையைக் குனிந்து நின்றிருக்கிறாள், நாய்களுக்கு வேறென்ன வேண்டும்? குட்டியைக் காணவில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பெற்ற தாய் செத்ததற்கு அடுத்து நான் அப்படி அழுதது அன்றுதான்.

ரேஞ்சருக்குப் போன் போட்டேன். அவர் வருவதற்குள் நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த உப்பு மண்ணைக் காலால் தேய்த்துக் குட்டைக்குள் தள்ளினேன். அவர் குனிந்து அதன் வாயைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உப்பு ஏதாவது வெச்சீங்களா?"

"இல்ல சார்" என்றேன். புனித வாரம், கழுத்தில் ஜெபமாலை, வாய் கூசாமல் சொன்னேன்.

கால்நடை டாக்டர் வந்து பார்த்து எழுதிய பிறகு, அன்று மதியமே, என் கண்ணெதிரில் அதை எரித்தார்கள். சாம்பலாகிற வரை நான் நின்றேன். இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை புது ரோல் போட்டு, டப்பாவை மறுபடி பசை போட்டு அடைத்தேன். குட்டி மட்டுமாவது வந்து நின்றால் அதைக் காட்டியாவது காட்டைக் காப்பாற்றலாமே என்று ஒரு ஆசை. புதன், வியாழன், ஒன்றும் இல்லை, எண் நகரவேயில்லை.

பெரிய வெள்ளி. தொழிற்சாலை லீவு. மூன்று மணி வழிபாடு முடிந்து நேராகக் காட்டுக்குப் போனேன். செத்து எத்தனை நாள் என்று எண்ணாதீர்கள், மூன்றாம் நாள் இல்லை, நான்காம் நாள், வேதத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். கேமராவிலிருந்து நாற்பது அடி தள்ளி ஒரு பனைமரத்தடியில் உட்கார்ந்தேன். மாலை ஐந்தரை இருக்கும், நல்ல வெளிச்சம், குட்டை முழுவதும் தெரிகிறது. காற்று இல்லை. ஒரு காக்கை கூட இல்லை.

டக். ர்ர்ர். கேமரா படம் எடுத்து ஃபிலிமை நகர்த்திக்கொண்டது.

எழுந்து பார்த்தேன். முன்னால் ஒன்றுமே இல்லை. தண்ணீரில் ஒரு வளையம் கூட இல்லை. கேமராவை முடுக்கிவிடுகிற ரிலே ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன், அப்படித்தானே நினைப்பேன். டக், ர்ர்ர், மறுபடி. ரிலே ஒட்டினால் ஒரே சீராக அடிக்கும், இது அப்படி இல்லை. கொஞ்சம் நிறுத்தி, ஒருமுறை, இன்னும் கொஞ்சம் நிறுத்தி, இரண்டு முறை, ஏதோ ஒன்று குடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பக் குடிக்கிற மாதிரி. எண்ணினேன், பன்னிரண்டு. "யேசுவே" என்று வாய்விட்டுச் சொன்னேன், அத்தோடு நின்றது.

டப்பாவோடு கழற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். மேஜையில் வைத்ததும் ஸ்டெல்லா கேட்டாள், "கண்ணாடி ஏன் வெள்ளையாக் கெடக்கு?" முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. விரலால் தேய்த்தாள். போகவில்லை. விளக்கில் காட்டிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது உள்பக்கம். பசையில் கீறல் இல்லை, ரப்பர் அசையவில்லை. கத்தியால் அறுத்துத்தான் திறந்தேன். உள்ளே கண்ணாடியில் கீழிருந்து மேலாக, நாக்கால் நக்கியது போல அகலமாக ஒரு வெள்ளைத் தடம்.

சனிக்கிழமை இரண்டு ரோலையும் சேகரிடம் கொடுத்தேன். முதல் ரோல், அவள் செத்த இரவு எடுத்தது, முழுக்க இருட்டு. உப்பு வைத்து எனக்குக் கிடைத்தது அதுதான். இரண்டாவதைக் கையில் பிடித்துக்கொண்டு சேகர் குதித்தான்.

"அண்ணாத்தே! சொல்லி அடிச்சிட்ட பாரு! அம்மாவும் கீது, புள்ளையும் கீது. இன்னா சோக்கா கீது! இன்னாத்துக்கு அழுவுற?"

பன்னிரண்டு படம். கிழிந்த காதோடு அவள் தண்ணீர் குடிக்கிறாள். குட்டி பக்கத்தில் ஒட்டி நிற்கிறது. பின்னால் டேங்க், எழுத்து முதற்கொண்டு தெரிகிறது. மூலையில் வெள்ளிக்கிழமைத் தேதி, மாலை ஐந்து நாற்பது. ஆனால் நிழல் எல்லாம் மேற்கே விழுந்திருக்கிறது. காலை வெயில். நான் எத்தனையோ விதத்தில் யோசித்துப் பார்த்துவிட்டேன், ரோல் மாறிவிட்டதா, பழைய ஃபிலிமா என்று. சேகர் என் கண் முன்னால் அட்டையைக் கிழித்துக் கொடுத்த புது ரோல் அது.

திங்கட்கிழமை ரேஞ்சர் முன்னால் படத்தை வைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தக் காது..." என்று நிறுத்தினார்.

"சார், நான் உப்பு வெச்சேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

"தெரியும். அன்னைக்கே அதோட நாக்குல பார்த்தேன். நீங்களா சொல்வீங்களான்னு இருந்தேன்." தேதியை விரலால் தடவினார். "இத பத்தி நாம பேச வேணாங்க. குட்டி உயிரோட இருக்கு இல்ல? அது போதும். நெகட்டிவ நீங்களே வெச்சுக்குங்க, எனக்கு வேணாம்."

கடிதம் போனது. புது பிளாக் வேறு பக்கம் போனது. காடு தப்பியது. செயலாளர் என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார், எனக்கு அதில் ஒரு சந்தோஷமும் வரவில்லை. அடுத்த வருடம் வேறு இரண்டு மான் வந்தது, தண்ணீருக்குத்தான் வந்தது, நான் ஒரு கல் உப்பு கூட அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. நல்ல நல்ல படம் எடுத்தேன். ஆனால் அந்தக் குட்டியை மட்டும் பார்க்கவேயில்லை. வளர்ந்திருக்கும், அடையாளம் தெரிந்திருக்காது என்று சொல்லிக்கொண்டேன்.

அந்த டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. புதுக் கண்ணாடி போட்டு, மறுபடி அடைத்து வைத்திருக்கிறேன். வருடா வருடம் தவக்காலம் முடிகிற வாரத்தில் உள்பக்கம் வெளுக்கும். ஒருமுறை அறுத்துத் திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், ஃபவுண்டரி மாத்திரையின் அதே கசப்பு. ஈரம் பூத்தது என்பீர்கள், நானும் அதைத்தான் முதலில் சொன்னேன்.

முதல் வருடம் வெளுத்தபோது ஸ்டெல்லாதான் விளக்கில் காட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, இங்க பாருங்க. பெரிய நாக்குத் தடத்துக்குப் பக்கத்துல சின்னதா இன்னொண்ணு இருக்கு."

செத்த தாய் நின்ற படத்தில்தான் அந்தக் குட்டியும் நின்றது. அது உயிரோடு இருக்கிறது என்று ரேஞ்சர் சொன்னதும், நான் தலையாட்டியதும், அந்தப் படத்தை வைத்துத்தான்.