முதலில் ஆஸ்பத்திரி ஏற்றம்

மரியநாயகம் அண்ணை இறந்துவிட்டார் என்ற செய்தி தொலைபேசியில் வந்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. "நித்திரையிலேயே போயிட்டார் பிள்ளை" என்றார் அவர் மனைவி செசில் அக்கா. பனி கொட்டும் நாளில் அந்த மனிதர் வேலைக்குப் போகாமல் கிடக்கிறார் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.

அவர் இங்கே ஜெர்மனியில், பான் நகரத்தின் நகரசபைக்குப் பனி அள்ளும் வண்டியை ஓட்டியவர் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். அவரோடு கோபித்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு என்பதும் தெரியும். நம்முடைய ஆள்தானே, நம் தெருவை முதலில் திறந்துவிட மாட்டாரா என்று கேட்டுப் பார்க்காதவர் யார்? "முதல் ஆஸ்பத்திரிக்கு ஏறிப்போற ஏத்தம். பிறகு பஸ் ஓடுற றோட்டு. எங்கட தெரு கடைசி" என்பார். அவர் வீடும் எங்கள் சரிவுத் தெருவில்தான் இருந்தது.

என் மகள் பிறந்த காலையில் முழங்கால் வரை பனி. அதற்கு முன் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் நான். வலி தொடங்கிவிட்டது, அம்புலன்ஸ் எங்கள் தெருவில் ஏற முடியாது என்றார்கள். கீழே அண்ணையின் வண்டிச் சத்தம் கேட்டதும் என் கணவர் ஓடிப்போய்க் குறுக்கே நின்றார்.

"அண்ணை, அவவுக்கு நோ துவங்கிட்டுது. ஒருக்கா மேலை வந்திட்டுப் போங்கோ."

"ஏலாது தம்பி. ஆஸ்பத்திரி ஏத்தம் திரும்பவும் மூடிப்போச்சாம். உங்கட தெருவைத் திறந்தால் அம்புலன்ஸ் வரும். பிறகு எங்கை போகும்? அவவைக் கீழை கொண்டுவாங்கோ."

வண்டி போவதை ஜன்னலில் நின்று பார்த்தேன். "பாவி மனுசன்" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் தன் பிள்ளைகளின் சறுக்குவண்டியை இழுத்து வந்தார். என்னைப் போர்வையால் சுற்றி அதில் இருத்தினார்கள். கணவர் முன்னால் கயிற்றைப் பிடிக்க, அவர் பின்னால் நின்று வண்டி ஓடிவிடாமல் இழுத்துப் பிடித்தார். ஒவ்வொரு சறுக்கலுக்கும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். கீழே அம்புலன்ஸ் நின்றது. ஆஸ்பத்திரி ஏற்றத்தில் அப்போதுதான் பனி உருக உப்புத் தூவியிருந்தார்கள், கறுப்புத் தார் தெரிந்தது. பிள்ளையின் கழுத்தில் கொடி சுற்றியிருந்ததாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டாக்டர் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

மறுநாள் அண்ணை கோழிச் சூப்போடு வந்தார்.

"என்னோடை இன்னும் கோவமோ?"

"ஓம்."

"கோவப்படுங்கோ. பிள்ளை சுகம்தானே?" என்று சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அடக்கத்தன்றும் பனி. அவரோடு வேலை செய்தவர்கள் வண்டியோடு தெருமுனையில் வந்து நின்றார்கள். வீட்டு வாசல் வரை வழியைத் திறந்து, செசில் அக்காவைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். ஆஸ்பத்திரி ஏற்றம் முடிந்துவிட்டதா என்று அக்கா கேட்டார். இன்னும் இல்லை என்றார்கள். முதலில் அங்கே போங்கள் என்று அனுப்பிவிட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். "அவர் காத்துக்கொண்டிருப்பார். வாங்கோ, நடப்பம்." ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினோம். பூசை பிந்தித்தான் தொடங்கியது.

இன்று காலையும் அந்த வண்டி எங்கள் தெருமுனையில் நிற்காமல் போனது. பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு மகள் முணுமுணுத்தாள்: "ஏன் அம்மா எங்கட தெருவுக்கு வரேல்லை?"

அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியிருக்கும் பதிலைச் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிக்கு ஆரோ ஒருத்தி போய்ச் சேரவேணும். பொறு."