முற்றிலும் உபயோகமற்ற நிலையில்

"…சுடாததா இருந்தாப் போதுமாம் கண்ணு. சுட்டாத்தான் வேண்டாமாம். செவுத்துல மாட்டி வெச்சா, வர்றவிங்க பக்கத்துல நின்னு போட்டோ புடிப்பாங்களாம். ரெட்டைக்குழலா இருந்தா இன்னும் விசேசமாம்" என்று சடையண்ணன் சொல்லிக்கொண்டிருந்தபோது, என் ஜெராக்ஸ் மெஷின் தாளைப் பாதியில் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது. அதற்கும் காது உண்டு போலிருக்கிறது.

சடையண்ணன் இப்போது வாசலூர்பட்டிப் படகுத்துறைக்குப் போகிற வழியில் ஒரு விடுதியில் செக்யூரிட்டி. நீலச் சட்டை, பெல்ட்டு, கழுத்தில் விசில். ஆதார் நகல் எடுக்க வந்தவர், வந்த இடத்தில் முதலாளியின் ஆசையைச் சொல்கிறார். பழைய துப்பாக்கி எங்கேயாவது கிடைக்குமா என்று அந்த மனிதர் இவரிடம் கேட்டிருக்கிறார். இந்த மலையில் கேட்பதற்கு வேறு ஆளே அகப்படவில்லை பாருங்கள்.

மெஷினைத் திறந்து குனிந்தேன். உதவுகிறேன் பேர்வழி என்று அவரும் குனிந்தார். தலையிலிருந்து தேங்காயெண்ணெய் வாசனை. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் அம்மா ஞாபகம் வருமாம். எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும். ஆலத்தூர் நாட்டில் (இந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு) அண்ணனுக்கு மூன்று ஏக்கர் இருந்தது. பள்ளத்தில் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி, மேட்டில் சாமை, பலாமரங்களில் மிளகுக் கொடி. அப்பன் காலத்து ரெட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது, பயிரைக் காக்கவென்று லைசென்ஸோடு. வெள்ளிக்கிழமை தவறாமல் தனக்குத் தலைக்கு வைக்கிற எண்ணெயையே அதற்கும் தேய்த்துவிடுவார். "ஒரு கொழலு சொல்றதுக்கு, ஒரு கொழலு செய்யறதுக்கு" என்பார். வானத்தைப் பார்த்து ஒரு குழலால் 'சொல்வார்'. காட்டுப்பன்றிக் கூட்டம் சரிவில் உருண்டு ஓடும். 'செய்கிற' குழலுக்கு வேலையே வந்ததில்லை. இந்த மாதிரிப் பேச்சுகளையெல்லாம் அப்போது பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். அப்படியொரு கிறுக்கு எனக்கு.

ஒரு வருஷம் இரண்டு குழலும் ஊமையாகிவிட்டன. விசையை இழுத்தால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பன்றிகள் அரை ஏக்கர் கிழங்கை உழுது போட்டுவிட்டுப் போயின. வெள்ளையக்கா, அவர் சம்சாரம், என் ஜெராக்ஸ் கடைக்கு வந்தபோது சொன்னார்: "துப்பாக்கியும் இவரு மாறியே ஆயிருச்சு சாமி. தூக்கி நிறுத்தறதோட சரி, சத்தத்தக் காணோம்." அண்ணன் பக்கத்தில்தான் நின்றிருந்தார், சிரித்தார். ஆனால் மீதிக் கிழங்கு மண்ணுக்குள் இருந்தது. அதை விட்டால் அந்த வருஷத்துக்கு வேறு விதியில்லை.

யார் பழுது பார்ப்பார்கள்? காளப்பநாயக்கன்பட்டியில் ஒரு லேத்துக்காரரிடம் விசாரித்தோம். "கொண்டாங்க, வெல்டு வெச்சுத் தாரேன்" என்றார். "என்ற மூஞ்சிக்கும் சேத்து வெல்டு வெப்பியா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் திரும்பி நடந்துவிட்டார். கடைசியில் ரிட்டயரான வனக்காவலர் ஒருவர், சேலத்தில் மாணிக்கம் என்று ஒருவர் இருக்கிறார், துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்ஸ் வைத்திருப்பவர், கை சுத்தமான கை என்று சொன்னார்.

அன்றே போயிருக்கலாம். நான் சும்மா இருந்திருந்தால் போயிருப்போம்.

நான் எட்டாவதோடு நின்றவன். நகல் எடுக்க வரும் மனுக்களைப் படித்துப் படித்தே மனு எழுதக் கற்றவன். கற்றதில் முக்கியமானது, மனு அழ வேண்டும் என்பது. ஓடு ஒழுகினால் 'முற்றிலும் இடிந்த வீடு' என்று எழுத வேண்டும். ரோட்டில் குழி விழுந்தால் 'மனித நடமாட்டத்துக்கு லாயக்கற்ற சாலை'. அப்படி அழுதால்தான் ஆபீசில் பாதியாவது காதில் விழும். இந்தக் கையால் எத்தனையோ ஓடுகள் மாறியிருக்கின்றன. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது.

"அண்ணா, துப்பாக்கியக் கீழ எறக்கறதுக்கு மின்ன ரிப்பேருக்குன்னு ஒரு மனுப் போட்டுருவம். லைசென்ஸு புதுப்பிக்கற நேரமும் வந்துருச்சு. ரெண்டையும் ஒரே மனுவுல முடிச்சரலாம்" என்றேன். அவர் எதற்கென்று கேட்கவில்லை. என்னை நம்பினார். 'மேற்படி துப்பாக்கியானது முற்றிலும் உபயோகமற்ற நிலையில் உள்ளபடியால்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது மனு நன்றாகவே அழுதது. அவர் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் புத்தகத்தின் அசலை மனுவோடு இணைத்து ஆபீசில் கொடுத்தோம். அதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டேன். என்ன முன்யோசனை!

பிறகு சேலம். துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் வைத்திருந்தோம். கண்டக்டர், "என்னங்க அது, கடப்பாரையா?" என்றார். "ஆமா சாமி, இப்பத்திக்குக் கடப்பாரைதான்" என்றார் அண்ணன்.

மாணிக்கம் எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. துப்பாக்கியை வாங்கி மடக்கினார், குழலைத் தனியே கழற்றினார், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். பிறகு ஒரு சணல் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டினார். மணி அடித்த மாதிரி ரொம்ப நேரம் நின்று ஒலித்தது.

"கேட்டீங்களா? கொழலு ரெண்டுலயும் ஒரு கொறையும் இல்லீங்க. உள்ள தோட்டாவக் குத்தற ஊசி தேஞ்சிருக்குது, ஒரு ஸ்பிரிங்கு ஒடஞ்சிருக்குது. ஆமா, எண்ண என்ன போடறீங்க?"

"தேங்காயெண்ணங்க."

"அதான் பிசினாட்டம் ஒட்டிக் கெடக்குது. தலைக்கு வெக்கறதயா இதுக்கு வெப்பாங்க? இதுக்கு என்ன, பொண்ணா பாக்கறீங்க?" அப்போதுதான் சிரித்தார். "பத்து நாளு குடுங்க. புதுசு தோத்துப்போகும்."

அண்ணனின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. அடுத்து மாணிக்கம் லைசென்ஸ் புத்தகத்தைக் கேட்டார். நான் நகலை நீட்டினேன்.

"ஏனுங்க, ஜெராக்ஸ வாங்கி வெச்சுக்கிட்டுத் துப்பாக்கிய வெச்சா என்னையத் தூக்கி உள்ள வெப்பாங்க. அசலு எங்கீங்க?"

மனு விஷயத்தைச் சொன்னேன். "ரிப்பேருக்கு எதுக்குங்க மனு? புத்தகம் இருந்தாப் போதுமே. சரி, வந்ததும் கொண்டாங்க, மொத வேலையாப் பாத்துத் தாரேன்" என்றார். கடப்பாரையோடு மலை ஏறினோம்.

புத்தகம் வரவில்லை. கடிதம் வந்தது. மனுதாரரே ஒப்புக்கொண்டபடி துப்பாக்கி முற்றிலும் உபயோகமற்றது என்பதால் லைசென்ஸைப் புதுப்பிக்க முகாந்திரம் இல்லை, ஆயுதத்தை ஸ்டேஷனில் ஒப்படைக்கவும்.

ஆபீசுக்கு ஓடினோம். அங்கிருந்த எழுத்தர் அம்மா கெட்டவர் இல்லை. கோப்பை எடுத்து என் வாக்கியத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். "உபயோகமில்லாத துப்பாக்கிக்கு எதுக்குங்க லைசென்ஸ்? யாரு எழுதினது இது?"

கையிலிருந்த லைசென்ஸ் நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

"என்ற கையெழுத்துத்தானுங்க" என்றார் சடையண்ணன். என் பக்கம் திரும்பவே இல்லை.

மேல்மனு மூன்று எழுதினேன். 'சிறு பழுது மட்டுமே' என்றேன், 'எளிதில் சரி செய்யத்தக்கது' என்றேன். ஒவ்வொன்றுக்கும் பதிலாக அந்த முதல் மனுவின் நகலே வந்தது. யாரோ சிவப்பு மையில் அடிக்கோடு போட்டிருந்தார்கள். எழுதியவன் சொல்லை எழுதியவனே மாற்றினால் யார் நம்புவார்கள்? ஸ்டேஷனில் துப்பாக்கியின் கழுத்தில் ஓர் அட்டையைக் கட்டி உள்ளே கொண்டுபோனார்கள். கொடுத்த ரசீதுக்கு இரண்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். அந்த விவகாரத்தில் நான் உருப்படியாகச் செய்த உதவி அது ஒன்றுதான். மாணிக்கம் இரண்டு தடவை போன் பண்ணினார், "அசலு வந்துருச்சுங்களா?" என்று. வந்துவிடும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் அண்ணன் தகரத்தைத் தட்டிப் பார்த்தார். அதற்கடுத்த வருஷம் பன்றிகள் தகரத்தையும் மிதித்துவிட்டுப் போயின. கிழங்கு போனது. பிறகு சாமை போனது. கடைசியில் நிலம் போனது. வாங்கிய சமவெளிக்காரர் அதில் சில்வர் ஓக் நட்டிருக்கிறார். அதைப் பன்றி தின்னாது. வெள்ளையக்கா கேரளாவில் மகளோடு மிளகு எஸ்டேட்டில் இருக்கிறார். இப்போது அந்தச் சரிவில் சொல்கிற குழலும் இல்லை, செய்கிற குழலும் இல்லை. அண்ணனிடம் ஒரு விசில் இருக்கிறது. கார்களைப் பின்னால் எடுக்கும்போது ஊதுவார்.

மெஷினிலிருந்து கசங்கிய தாளை உருவி எறிந்துவிட்டு நிமிர்ந்தேன். எனக்கு வெட்கமே இல்லை என்று நீங்கள் நினைப்பீர்கள். வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணா, அந்தத் துப்பாக்கி இன்னும் எங்காச்சும் கெடக்குமில்ல? திருப்பிக் கேட்டு ஒரு மனு எழுதிப் பாக்கட்டுமா? இந்த வாட்டி பாத்துப் பதமா எழுதறேன்."

சடையண்ணன் தாளைப் பார்த்தார். பேனாவை என் விரல்களிலிருந்து மெதுவாக உருவினார். மூடியைத் தேடி எடுத்துப் போட்டு, என் சட்டைப் பையில் செருகிவிட்டார்.