லாலோ பர்ரகானும் நாலு வீல் கப்பும்

சென்ச்சோ ஒரோஸ்கோவின் முடிதிருத்தும் கடை விட்டியர் சாலையில் இருந்தது. கிழக்கு லாஸ் ஏஞ்சலிஸில் கார் வைத்திருந்த இளவட்டங்கள் எல்லாரும் அவனிடம்தான் தலையைக் கொடுத்தோம். அவனுடைய சொந்தத் தங்கை புருஷன் லாலோ பர்ரகான் மட்டும் அந்தக் கடைப் படி ஏறமாட்டான். மனைவி எர்மினியா அவனைச் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து வெட்டிவிடுவாள்.

காரணம் இருந்தது. லாலோ மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மலைப்பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவன். ஆங்கிலம் அவன் வாயில் நிற்காது. கல்யாணமான புதிதில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சிக்கன் என்று கேட்கப்போய் கிச்சன் என்று கேட்டுவிட்டான். சென்ச்சோ இந்த ஊரிலேயே பிறந்து பள்ளிக்கூடம் போனவன். அடுத்த முறை லாலோ முடிவெட்ட வந்தபோது, கழுத்தில் துணியைக் கட்டி உட்காரவைத்துவிட்டு, காத்திருந்த ஒன்பது பேர் முன்னால் நடித்துக் காட்டினான்.

"ஐயா, பொரிச்ச சமையலறை ஒரு பிளேட் குடுங்க. கால்பக்கமாப் பாத்துக் குடுங்க!"

நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாதி வெட்டிய தலையோடு லாலோ எழுந்து போனான். மறுபடி வரவே இல்லை. தங்கை புருஷனே தன் கடையை ஒதுக்கிவிட்டான் என்று சென்ச்சோவுக்கும் அது உள்ளே தைத்துக்கொண்டது.

லாலோவுக்கு வேலை வெர்னனில், ஒரு கறி ஆலையில். கத்தி தீட்டும் வேலை. காலை ஐந்து மணியிலிருந்து எலும்பு நீக்கும் கத்தி, பன்றித்தொடை சீவும் நீளக் கத்தி, வெட்டுக்கத்தி என்று வந்துகொண்டே இருக்கும். அவன் தீட்டிய கத்தியால் கையில் முடியை மழிக்கலாம் என்பார்கள். யாரோடும் அதிகம் பேசமாட்டான். அவனுடைய ஆசை முழுவதும் ஒரு 1949 செவ்ரோலே கார்மேல்தான் இருந்தது. கருநீல வண்டி. ஸ்பிரிங்கை வெட்டி, வயிறு சாலையை உரசுகிற மாதிரி இறக்கியிருந்தான். உள்ளே இருக்கை முழுக்க வெள்ளைத் தோல். சக்கரங்களில் கேடில்லாக் காரின் வீல் கப், சக்கரத்தின் நடுவை மூடும் பளபளப்பான தட்டு. நடுவில் தொப்பி மாதிரி புடைத்திருப்பதால் நாங்கள் அதை சொம்ப்ரெரோ என்போம்.

1953 வசந்தத்தில் அந்த வீல் கப்புகள் திருடுபோக ஆரம்பித்தன.

திருடியது சென்ச்சோ. முதல் தடவை சும்மா விளையாட்டுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை நடக்கும்போது, மாதா கோயிலுக்குப் பின்னால் நின்ற வண்டியில் ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்து, கடையின் பின்னறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினான். லாலோ அடுத்த சனிக்கிழமை முழுக்கப் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து, ஜோடி சேரும் ஒன்றைத் தேடிப் போட்டான். சென்ச்சோ அதையும் எடுத்தான். ஆகஸ்டுக்குள் சுவரில் ஏழு தொங்கின. முடிவெட்ட வருகிறவர்கள் எல்லாரையும் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் காட்டுவான். பேட்டையில் தெரியாதவன் லாலோ ஒருவன்தான். அவன் கடைக்கு வராததால் மாட்டிக்கொள்ளும் பயமும் இல்லை.

என் பெயர் அனஸ்தாசியோ, தாச்சோ என்பார்கள். அந்தச் சுவரைப் பார்த்து நானும் சிரித்தவன். லாலோ ஒரு நாள் என்னிடம் வந்து கேட்டான்.

"தாச்சோ, நீ ஊர் சுத்துறவன். யாருடா எடுக்குறது? உனக்கு எதாவது காதுல விழுந்துச்சா?"

"லிங்கன் ஹைட்ஸ் பயலுகளா இருக்கும்ணே. அவனுக சும்மா இருக்கமாட்டானுக."

"அவனுகளுக்குக் கை அரிக்குது போல. சரி, பாத்துக்கலாம்" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வண்டி கோயிலுக்கு வந்தபோது வீல் கப் ஒவ்வொன்றிலும் குறுக்கே ஒரு பட்டை இருந்தது. பளபளவென்று, இரண்டு விரல் அகலத்தில், விளிம்பிலிருந்து விளிம்புவரை. தட்டோடு ஒட்டாமல் கொஞ்சம் தூக்கி, கை நுழையும் இடைவெளி விட்டு, ரிவிட் அடித்திருந்தான். ஆலையில் கழித்துப்போட்ட தொடை சீவும் கத்திகள் அவை. வெளியே தெரிகிற பக்கத்தைக் கண்ணாடி மாதிரி மெருகேற்றியிருந்தான். உள்பக்க விளிம்பைத் தீட்டியிருந்தான். அது குனிந்து பார்த்தால்கூடத் தெரியாது.

பூசை தொடங்கியதும் நாங்கள் ஐந்து பேர் பின்னால் போனோம். நல்ல வெயில். சென்ச்சோ பின்சக்கரத்தின் முன் குந்தினான். நெம்புவதற்கு நான் ஸ்க்ரூடிரைவரை நீட்டினேன். அவன் வாங்கவில்லை.

"எதுக்குடா அது? பாரு, நமக்குச் சிரமமா இருக்கும்னு மாப்ளே கைப்பிடியே வெச்சுக் குடுத்திருக்கான்."

வலது கையை உள்ளே விட்டு, இடது கையால் டயரைத் தள்ளி, முழு பலத்தோடு இழுத்தான்.

அவன் கத்தவில்லை. கையை எடுத்துப் பார்த்து, "ஐயோ, இதென்னது" என்று மட்டும் சொன்னான், பிறத்தியான் கையைப் பார்ப்பதுபோல. இரண்டு விரல்கள் தோலில் தொங்கின. மற்ற இரண்டில் எலும்பு தெரிந்தது. எங்களில் ஒருவன் வாந்தி எடுத்தான். இன்னொருவன் ஓடிவிட்டான்.

பூசை முடிந்து ஜனம் வெளியே வந்தது. லாலோ கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான், பின்னால் எர்மினியா. தரையில் உட்கார்ந்திருந்த மச்சானைப் பார்த்ததும் லாலோ அப்படியே நின்றான். அவன் எதிர்பார்த்திருந்தது வேறு முகம்.

"நீயா?" என்றான்.

எர்மினியா தலையில் போட்டிருந்த முக்காட்டை உருவி அண்ணன் கையில் சுற்றினாள். "கதவைத் திற லாலோ. ஆஸ்பத்திரிக்குப் போகணும். திறன்னு சொல்றேன்ல!"

லாலோ அவளைப் பார்த்தான், சென்ச்சோவின் கையிலிருந்து சொட்டுவதைப் பார்த்தான், கண்ணாடி வழியாக உள்ளே வெள்ளை இருக்கையைப் பார்த்தான். "தாச்சோ வண்டில போகட்டும்" என்றான். பிறகு கைக்குட்டையை எடுத்துக் குந்தி, பட்டையில் இருந்த ரத்தத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

என் வண்டியில்தான் போனோம். ஜாக்கி நழுவி கார் கைமேல் இறங்கிவிட்டது என்று சென்ச்சோவே மருத்துவரிடம் சொன்னான். உண்மையைச் சொன்னால் திருடன் என்று ஆகும். போலீசுக்குப் போனால் லாலோவும் உள்ளே போவான், தங்கை நடுத்தெருவில் நிற்பாள். ஆகவே ஜாக்கிதான் என்று எல்லாரும் வைத்துக்கொண்டோம். இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்துப்போயின.

அடுத்த ஞாயிறு மாலை லாலோ வழக்கம்போல விட்டியர் சாலையில் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனான். எர்மினியா பக்கத்தில் இல்லை. அதன்பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை, பூசைக்குக்கூட பஸ்ஸில்தான் போனாள். ஆனால் சாலையில் நின்றவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள் பார்த்தது சக்கரத்தை. சாய்வெயிலில் அந்தப் பட்டைகள் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை மின்னின. சும்மா வீல் கப் சுற்றினால் சுற்றுவதே தெரியாது. இது கண் சிமிட்டிக்கொண்டே போனது. ஐஸ்கிரீம் கடை வாசலில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் ஓடிவந்து ஜன்னலைத் தட்டி, "அண்ணே, இது எங்க கிடைக்கும்?" என்று கேட்டான்.

லாலோவை ஒருவன் மரியாதையாகக் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். சிரித்துக்கொண்டே, "நான்தான் செய்யுறேன். கூரோட வேணுமா, கூர் இல்லாம வேணுமா?" என்றான்.

அது பேட்டையில் பெரிய நகைச்சுவையாகப் பரவியது. இரண்டு மாதத்தில் அவன் கறி ஆலையை விட்டுவிட்டு, வீட்டுக் கார் கொட்டகையில் முழுநேரமாகப் பட்டை அடித்தான். லாங் பீச்சிலிருந்தும் சான் பெர்னாண்டோவிலிருந்தும் வண்டிகள் வந்தன. எல்லாரும் கூர் இல்லாததைத்தான் வாங்கினார்கள்.

சென்ச்சோ இடது கையால் முடிவெட்டிப் பார்த்தான். பரிதாபப்பட்டு ஆளுக்கொரு தடவை போய் உட்கார்ந்தோம். என் காதில் வெட்டு விழுந்தது. அதன்பிறகு நான் போகவில்லை, யாரும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு முன் நாற்காலியையும் கண்ணாடியையும் விற்றுவிட்டான். எர்மினியா புருஷன் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அண்ணனுக்குக் கொட்டகையிலேயே வேலை வாங்கிக் கொடுத்தாள். பட்டைக்கு மெருகு போடும் வேலை. அதற்கு ஒரு கையும் இரண்டு விறைத்த விரலும் போதும்.

வேலையைவிட லாலோவுக்கு அவன் வேறொன்றுக்குப் பயன்பட்டான். புதிதாக ஆள் வந்தால், பேரம் முடிவதற்கு முன்னால் கூப்பிடுவான்.

"மச்சான், இங்க வா. கையைக் காட்டு."

சென்ச்சோ மெருகுத் துணியைக் கீழே வைத்துவிட்டு வந்து காட்டுவான்.

"இதுதான் நம்ம முதல் வாடிக்கை" என்பான் லாலோ. "இலவசமாக் குடுத்தேன், எடுத்துக்கத் தெரியல."

வந்தவர்கள் சிரிப்பார்கள். ஒரு நாள் எர்மினியா தட்டில் தமாலே எடுத்துக்கொண்டு வந்தவள் இதைப் பார்த்துவிட்டாள். தட்டை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். சில மாதங்களில் லாலோ கூப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. வண்டிச் சத்தம் கேட்டதும் சென்ச்சோ தானே கையைத் துடைத்துக்கொண்டு வந்து நிற்பான். நாக்கால் ஊரையே ஆட்டிவைத்தவன், நாக்கே இல்லாதவன் மாதிரி ஆகிவிட்டான் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

1955இல் கார் பத்திரிகை ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் கேமராவோடு வந்தான். அன்று நானும் கொட்டகையில் இருந்தேன். லாலோ சலவைச் சட்டை போட்டுத் தயாராக நின்றான். ஆனால் அந்த ஆள் கேட்டது ஆங்கிலத்தில். லாலோ இரண்டு வார்த்தை சொல்லித் திக்கினான். 

"மச்சான், நீ சொல்லு" என்றான் கடைசியில். "எப்படி ஆரம்பிச்சதுன்னு கேக்குறான். கையைக் காட்டிச் சொல்லு, சிரிப்பான்."

சென்ச்சோ வந்து கையைக் காட்டினான். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தான். நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

"முதல் பட்டையை நான் செஞ்சப்பப் போனது சார் இந்த விரல். கத்தியை வளைச்சு ரிவிட் அடிக்கும்போது நழுவிடுச்சு. நான் முடிவெட்டுறவன், அந்தத் தொழிலே போச்சு. ஆனா இதை விடல. இவர் என் தங்கச்சி புருஷன். நல்ல மனுஷன், எனக்கு ஒத்தாசையா இருக்காரு."

கேமராக்காரன் அந்தக் கையை ஐந்து படம் எடுத்தான், அதில் வீல் கப்பைப் பிடிக்கச் சொல்லி. லாலோ பக்கத்தில் நின்று தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்து, "என்னடா, நல்லாச் சொல்றானா?" என்று கேட்டான்.

"நல்லாச் சொல்றான்ணே" என்றேன்.

பத்திரிகை வந்த வாரத்தில் அரிசோனாவிலிருந்து ஒருவன் வண்டியில் வந்து இறங்கினான். லாலோவைத் தாண்டிப் போய் சென்ச்சோவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். லாலோவிடம் திரும்பி, கொஞ்சம் ஸ்பானிஷில், "உங்க முதலாளிகூட ஒரு போட்டோ எடுத்துக்கணும், கேமராவைப் பிடிக்கிறீங்களா?" என்றான்.

அன்றுதான் லாலோவுக்கு விஷயம் தெரிந்தது. மெருகு இயந்திரத்தை உதைத்துத் தள்ளினான். சென்ச்சோவின் சட்டையைப் பிடித்தான். சென்ச்சோ அசையவில்லை.

"சொல்லேன் மாப்ளே, ஊருக்கே சொல்லு. என் விரல் எப்படிப் போச்சுன்னு நீயே போய்ச் சொல்லு. போலீஸ் ஸ்டேஷன் நாலு தெரு தள்ளித்தான் இருக்கு."

லாலோ அவனை விட்டுவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். மூச்சிரைத்தது.

"தாச்சோ, நீ அங்கதான் இருந்த. நீ பாத்தேல்ல. பட்டை யாரோடதுன்னு நீ சொல்லுடா, நீ சொன்னா நாலு பேர் நம்புவான்."

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஸ்க்ரூடிரைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், பின்னறைச் சுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது மட்டுமில்லை. அவன் முகம் இருந்த இருப்பைப் பார்க்க எனக்குள் எங்கேயோ ருசியாக இருந்தது. அதை இப்போது மறைக்க விரும்பவில்லை.

"நான் பூசையில இருந்தேன்ணே" என்றேன். "எனக்கு என்ன தெரியும்?"

மற்றவர்களும் ஏறக்குறைய அதையேதான் சொன்னார்கள். சென்ச்சோ வேறொரு தெருவில் தன் பெயரைப் போட்டுக் கடை வைத்தான். விரலைக் கொடுத்து வாங்கிய வீல் கப் என்று ஆள்கள் அவனிடமே போனார்கள். ஆனால் இயந்திரத்தில் அச்சடித்த மலிவான பட்டைகள் சந்தைக்கு வந்தபோது அவன் கடையும் மூன்றே வருஷத்தில் மூடிப்போயிற்று. லாலோ செவ்ரோலேயை விற்றுவிட்டு, திரும்ப வெர்னனுக்குக் கத்தி தீட்டப் போனான். சாகும்வரை அங்கேதான்.

அவன் இறந்து ஒரு வருஷம் கழித்து எர்மினியாவைச் சந்தையில் மிளகாய்க் கடை முன்னால் பார்த்தேன். என்ன பேசுவது என்று தெரியாமல், கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார் என்று கேட்டேன்.

"அந்தப் பத்திரிகையை எடுத்துட்டு வந்து என்னைப் படிக்கச் சொல்லுவாரு" என்றாள். "அவருக்குத்தான் இங்கிலீஷ் படிக்கத் தெரியாதே. 'நீ தப்பாப் படிச்சிருப்ப, இன்னொரு தடவை படி'ம்பாரு. மாசத்துக்கு ஒரு தடவையாவது கேப்பாரு."

"நீங்க என்ன செய்வீங்க?"

"படிப்பேன்" என்றாள், மிளகாயைப் பொறுக்கிக்கொண்டே. "ஒரு வார்த்தை மாத்தாமப் படிப்பேன்."