மூவாயிரம் ரூபாய்ப் பகடை

ஞாயிறுதோறும் பாலக்காட்டுச் சித்தூரில் நாங்கள் நாலு பேர் கூடி, ஆளுக்கொரு வீரனாக மாறி, பகடை உருட்டிக் கதை விளையாடுவோம். அன்று, முதலமடையில் மாங்காய் வியாபாரம் செய்யும் செல்வியின் எழுபது ரூபாய் இருபது முகப் பகடையில் உச்ச எண்ணான இருபது, தொடர்ந்து மூன்று முறை விழுந்தது. "மட்டப் பகடை, ஏமாத்து!" என்று கத்திவிட்டேன். என்னுடையது மூவாயிரம் ரூபாய்.

செல்வி வாளித் தண்ணீரில் பகடை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்தாள்.

"மாங்காயத் தண்ணில போட்டுப் பாக்கறாப்பல இதையும் பாத்தரலாமுங்க. ஒரே நம்பரே மேல வந்தா எடையில கோளாறுங்க."

அவளுடையது ஒவ்வொரு முறையும் வேறு எண்ணைக் காட்டியது. என்னுடையதை எத்தனை முறை சுண்டினாலும் இருபதுதான். இத்தனை வாரம் ஜெயித்தது நானல்ல.

இனி வரமாட்டாள் என்று பயந்தேன். அவளோ தன் பகடையைத் துடைத்து நீட்டினாள்.

"அடுத்த வாரம் இதையே உருட்டுங்க."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இன்றும் அதைத்தான் உருட்டுகிறேன். என் வீரன் வாரம் தவறாமல் உதை வாங்குகிறான், எனக்கோ நிம்மதி.