மாவுக்குள் மாத்திரை

எங்கள் ஊரிலிருந்து ஷார்ஜாவுக்கு யார் வந்தாலும் அவர் பெட்டியில் பாதி மற்றவர்களுடைய சாமான்தான். தெருப் பெண்கள் பொட்டலத்தைத் துணியில் சுற்றித் தைத்து, மேலே பெயர் எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க மாட்டார். அமானிதமாக, நம்பி ஒப்படைத்த பொருளைக் கிளறினால், நம்பவில்லையா என்று கேட்டுப் பேச்சையே நிறுத்திவிடுவார்கள். இந்தப் பெருமை எனக்கு எப்போதுமே எரிச்சல்தான். அடுத்தவர் வீட்டு மாசிக் கருவாட்டு வாடையைத் தன் சட்டையில் சுமந்து வருகிறவனுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்க உரிமை இல்லையாம்.

என் கணவருக்கு ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவில் துணிக்கடை. முதுகுவலி என்று ஊருக்குப் போனவரைச் சென்னையில் படம் எடுத்துப் பார்த்து, முதுகெலும்பில் புற்றுநோய் என்றார்கள். மகளுக்கு அப்போதுதான் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். விஷயம் தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். கல்யாணம் முடியும்வரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஷார்ஜாவுக்கே திரும்பினார். அந்தக் கல்யாணத்துக்கு அவர் இருக்கவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னை டாக்டர் கொடுத்த வலி மாத்திரை இருந்தவரை சமாளித்தார். தீர்ந்ததும், இங்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன். "அங்க மருந்து எடுத்துக் குடுக்கிறவன் யாரு, நம்ம ஊர்க்காரன். ராத்திரிக்குள்ள தெருவுக்கே தெரிஞ்சிரும்" என்றார். சட்டை மாட்டக் கையைத் தூக்க முடியாத மனிதருக்கு வாய் மட்டும் குறையவில்லை.

ஊரில் இருந்த என் நாத்தனாருக்குப் போன் செய்து, அதே மாத்திரையை வாங்கி அனுப்பச் சொன்னோம். இங்கே எங்கள் கடைக்குப் பக்கத்து அத்தர் கடைக்காரரின் மகன், ஊருக்குப் போயிருந்தவன், அந்த வாரம் திரும்பி வருவதாக இருந்தான். தகப்பனார் இறந்த பிறகு கடையை அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் கொடுத்துவிடச் சொன்னோம், என்ன கொடுக்கிறோம் என்று சொல்லாமல்.

என் நாத்தனார் கெட்டிக்காரி. கெட்டிக்காரத்தனம்தான் எங்களைக் கெடுத்தது. மாத்திரைப் பெட்டியைப் பார்த்தால் யாராவது படித்துவிடுவார்கள் என்று பெட்டியை எறிந்தார். அட்டையிலும் பெயர் இருக்கிறதே என்று ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கி ஒரு வெற்றுப் புட்டியில் போட்டார். புட்டியை, வறுத்த இனிப்பு மாவான ஓட்டுமாவு டப்பாவின் நடுவே புதைத்து, மேலே மாவை அமுக்கி, துணி சுற்றித் தைத்தார்.

விமான நிலையத்தில் அந்த மாவைக் கொட்டிய அதிகாரி என்ன நினைத்திருப்பார்? நானே அந்த இடத்தில் இருந்தாலும் போதை மாத்திரைக் கடத்தல் என்றுதான் நினைத்திருப்பேன். யாருடையது என்று கேட்டதற்கு அந்தத் தம்பி, "என்னோடதுதான்" என்று சொல்லியிருக்கிறான். டாக்டர் சீட்டு கேட்டிருக்கிறார்கள், அது அவனிடம் இல்லை. உள்ளே வைத்துவிட்டார்கள்.

ஷார்ஜாவில் அவனோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் மறுநாள் கடைக்கு வந்து சொன்னபோது என் கணவர் எழுந்து நிற்கப் பார்த்து, முடியாமல் மேசையைப் பிடித்துக்கொண்டார். பிறகு சென்னை ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்து வரச் சொன்னார். யாருக்கும் காட்டாமல் அலமாரியில் பூட்டி வைத்திருந்தவை.

அந்தக் காகிதங்களோடு பல நாள் அலைந்தோம். டாக்ஸி ஒவ்வொரு வேகத்தடையில் ஏறும்போதும் அவர் என் மணிக்கட்டைப் பிடித்து நெரிப்பார். ஒவ்வொரு அலுவலகத்திலும் உட்காரவைத்து, நாளைக்கு வா என்றார்கள்.

அந்த நாட்களில்தான் சீனப் பெண் ஒருத்தி கதவைத் தட்டினாள். பையில் சினிமா டி.வி.டி. தட்டுகளைப் போட்டுக்கொண்டு வீடு வீடாக அவர்கள் விற்று வந்த காலம் அது. அவள் பையின் அடியில் மூலிகைப் பிளாஸ்திரிகளும் கறுப்பு உருண்டை மருந்துகளும் இருந்தன. ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்ததாகக் கையால் விமானம் காட்டினாள். அவளை யாரும் நிறுத்தவில்லை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் வாங்கினேன். உருண்டையை விழுங்கக் கொடுக்கத் துணிச்சல் வரவில்லை. பிளாஸ்திரியை அவர் முதுகு நெடுக ஒட்டினேன். "கொஞ்சம் தேவலாம்" என்றார். எனக்காகச் சொல்கிறார் என்று தெரிந்தது. ஒட்டிய கையை அங்கேயே வைத்துக்கொண்டு அழுதேன்.

கடைசியில் ஒரு பெரிய அதிகாரி காகிதங்களை முழுதாகப் படித்தார். என் கணவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். மாத்திரை திரும்பக் கிடைக்காது, பையனை விட்டுவிடுகிறோம் என்றார்.

வெளியே வந்த அன்றே அந்தத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் அவனாக இருந்தால் வீட்டையே இரண்டாக்கியிருப்பேன். அவன் கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அண்ணன் முறையில் காக்கா என்று தான் கூப்பிடும் என் கணவரின் காலைப் பிடித்துவிடத் தொடங்கினான்.

"சொல்லியிருக்கலாமே காக்கா. அட்டையைப் பிரிக்காம, சீட்டோட கைப்பையில வச்சுக் கொண்டாந்திருப்பேன். எங்க வாப்பாவுக்கு அப்படித்தான் கொண்டாருவேன். ஒரு தடவகூட நிறுத்தல."

"உங்க வாப்பாவுக்கு என்ன மருந்து? அவருக்கு நெஞ்சுவலின்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஊருக்கு அப்படிச் சொன்னோம். இதே நோவுதான். தங்கச்சிக்கு அப்ப மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்தோம்."

என் கணவர் காலை மெல்ல இழுத்துக்கொண்டார். பிறகு, "தினமும் அவரோட ஒண்ணா டீ குடிச்சேன். உங்களுக்கென்ன, நல்லாத்தானே இருக்கீங்கன்னு கேலி பண்ணுவேன்" என்றார்.

அத்தனை வலியிலும் அழாதவர், அப்போது அந்தத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.