எதிரணிக்காரன் முழங்காலுக்கு ஓர் அர்ச்சனை

இன்று மதியம் அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் பார்க்க எங்கள் டிவி முன்னால் இருந்தவர்கள்: என் கணவர், பக்கத்து வீட்டுத் தம்பி செந்தில், எங்கள் மகள் பிரியா, முறுக்குத் தட்டோடு நான்.

எதிரணியில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல் நம் ஆட்கள் மூன்று பேர் விழுந்தார்கள். அவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு புரண்டான்.

இவரும் செந்திலும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தாயே மீனாட்சி, அந்தப் பிள்ளைக்குக் கால் சரியாகட்டும், உனக்கு அர்ச்சனை பண்றேன்" என்று வாய்விட்டு வேண்டிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவன் திரும்பி வந்தான். அவனே பந்தோடு கடைசிக் கோடு வரை ஓடி டச்டவுனும் போட்டான். நாம் தோற்றோம்.

"இது சீட்டிங்!" என்றார் இவர். "வெளியாளைக் கூப்பிட்டு ஜெயிக்க வைக்கிறதா?"

"ஏங்க, அடிபட்டவனைப் பார்த்துக் கை தட்டறது மட்டும் நியாயமா?"

"அக்கா, நாங்க கை தட்டினதுல ஸ்கோர் மாறலையே" என்றான் செந்தில்.

"அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் காண்டக்ட், ஃபிஃப்டீன் யார்ட்ஸ்" என்று ரெஃப்ரி மாதிரி பெனால்டி கொடுத்தாள் பிரியா.

"அப்பாவுக்கா, எனக்கா?"

"போத்."

கேட்டதை அம்பாள் கொடுத்துவிட்டாள். வேண்டுதலை நான் முடித்தாக வேண்டும். எனக்கோ கார் ஓட்டத் தெரியாது. "அந்த டீமுக்கு நான் டிரைவர் இல்லை" என்கிறார் இவர்.

சனிக்கிழமை பேர்லேண்ட் மீனாட்சி கோவிலுக்குப் போகிறவர்கள் என்னையும் ஏற்றிக்கொள்ள முடியுமா? அந்தப் பையனின் நட்சத்திரம் யாருக்காவது தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். வெள்ளிக்குள் பதில் போடுங்கள்.